கைப்பேசியில் படியும் வேதித் தடயங்கள்: தடய அறிவியல் சேவைகள் இயக்ககத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்ககப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஏழாண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நேரில் சென்று தடயம் திரட்ட வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3)ஆம் பிரிவு. அதை வரவேற்கிறேன். கைரேகையோ டிஎன்ஏவோ கிடைக்காத பொருட்களிலிருந்து வேதித் தடயம் எடுக்கும் முறை நம் ஆய்வகங்களில் வழக்கத்துக்கு வருமுன், அதற்கான விதிகளை வகுத்துவிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

2016இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பீட்டர் டோரெஸ்டைன் குழுவினர் 39 பேரின் கைகளையும் கைப்பேசிகளையும் பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுத்து, மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு இனங்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் ஆராய்ந்தார்கள். காபி, மசாலா, முடி உதிர்வுக்கான மருந்து, மனச்சோர்வுக்கான மாத்திரை எனப் பலவற்றின் சுவடுகள் கிடைத்தன. கொசுவிரட்டியும் வெயில்காப்புக் களிம்பும் கடைசியாகப் பூசிப் பல மாதங்கள் ஆன பிறகும் தென்பட்டன. இவை ஒருவரின் பழக்கவழக்கங்களைக் காட்டுமே தவிர, கைரேகையைப் போல இன்னார்தான் என்று அடையாளம் காட்டுவதில்லை.

இந்த வேறுபாடு மறக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டின் பர்மிங்காம் குண்டுவெடிப்பு வழக்கே சான்று. கைதானவர்களுள் சிலரின் கைகளில் நைட்ரோகிளிசரின் என்ற வெடிபொருள் இருந்ததாக ஒரு சோதனை சொன்னது. ஆனால் அவர்கள் ரயிலில் ஆடிவந்த சீட்டுக்கட்டின் மேற்பூச்சும் அதே முடிவைத் தரக்கூடும் என்பது பின்னர் தெரியவந்தது. 1975இல் ஆயுள் தண்டனை பெற்ற ஆறு பேரும் 1991இல்தான் வெளியே வந்தார்கள்.

நம் வீடுகளில் ஒரே கைப்பேசியில் பிள்ளை பாடம் படிக்கிறது, மூட்டுவலித் தைலம் தேய்த்த கையோடு பாட்டி பேசுகிறார், பக்கத்து வீட்டுக்காரரும் அவசரத்துக்கு வாங்கிப் பேசுகிறார். ஆகவே அப்பொருளைக் கையாண்டவர்கள் யார் யார், கைப்பற்றிய காவலர் கையுறை அணிந்திருந்தாரா என்பவை கைப்பற்றுதல் மகஜரிலேயே பதிவாக வேண்டும். வீட்டாரின் கைகளிலிருந்தும், அவர்கள் இசைந்தால், ஒப்பீட்டு மாதிரி எடுக்கப்பட வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது மருந்துச் சுவடுகள்தாம். மனநல மருந்தோ எச்ஐவி மருந்தோ உட்கொள்பவர் அதை மனைவியிடம்கூடச் சொல்லாதிருக்கலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்த பின்னர், அத்தகைய விவரம் நீதித்துறை நடுவரின் முன் அனுமதியின்றி ஆய்வறிக்கையில் இடம்பெறலாகாது. வேதித் தடயம் புலனாய்வுக்குத் துப்பாக மட்டுமே இருக்கட்டும். வேறு சான்றின்றி அதை மட்டும் வைத்து எவரையும் குற்றவாளி என முடிவுகட்ட முடியாது என்ற வாசகம் ஒவ்வோர் அறிக்கையின் முதல் பக்கத்திலும் அச்சிடப்பட வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு குற்றவியல் வழக்கறிஞர்