சித்தப்பா, முதுகை மிதிக்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன பொங்கலன்று மொட்டை மாடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, "ஏறி மிதிடா" என்று பேரனைக் கூப்பிட்டீர்கள். அவனும் சுவரைப் பிடித்துக்கொண்டு உங்கள் முதுகில் நடந்தான். "ஆங்... அங்கதான், அங்கதான்" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நேரில் சொன்னால், "நீ புத்தகத்துல படிச்சவ, நான் மூட்டையில படிச்சவன்" என்று வாயை அடைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். உங்களோடு கோயம்பேட்டில் மூட்டை இறக்குகிறவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்றைக்கு அவனை இறக்கிவிட்டு நான் எண்ணெய் தேய்த்தேன், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் பிடரியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு திரட்சி. மேல்தோல் குதிகால் போலக் காய்த்திருந்தது. கொத்தவால்சாவடியில் பையனாக வேலைக்குச் சேர்ந்து, 1996-இல் மார்க்கெட் கோயம்பேட்டுக்கு வந்தபோது கூடவே வந்து, இன்றுவரை மூட்டை உட்காருகிற இடம் அது. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே கட்டைவிரலை வைத்தால் நனைந்த கயிறு முறுக்கியது போலிருந்தது. பத்து நிமிடம் உள்ளங்கையாலேயே தேய்த்த பிறகுதான் அது கொஞ்சம் இளகியது. குறட்டை விட ஆரம்பித்துவிட்டீர்கள். அவ்வளவுதான் தேவை. மிதிக்க வேண்டியதில்லை.

"கெட்ட ரத்தம் கட்டிக்கிட்டு நிக்குது, அழுத்தினா கலைஞ்சிடும்" என்பீர்கள். உடம்பு பிடித்துவிடுகிற எங்கள் தொழிலிலும் சிலர் இதையே, தசை உழைக்கும்போது சேருகிற லாக்டிக் அமிலம் என்று பேரை மாற்றிச் சொல்கிறார்கள். வேலையை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆனால் அந்த அமிலம் தானாகவே அடங்கிவிடும். வழக்கத்தைவிட அதிகமாகத் தூக்கிய மறுநாள் வருகிற வலி வேறு. தசைநார்கள் அளவுக்கு மீறி இழுபட்டு நுண்ணிய கிழிசல் விழுவதால் வருவது. எண்ணெய் தேய்ப்பதால் கிழிசல் மூடாது. ஆனால் இறுகிய தசை தளரும், வலி மட்டுப்படும், தூக்கம் வரும். மூடுகிற வேலையை அந்தத் தூக்கம் பார்த்துக்கொள்ளும். விடிய விடிய லாரி இறக்குகிற உங்களுக்குப் பகலில்தான் தூக்கம் என்பதால், குளித்துவிட்டுப் படுக்கும் முன் தேய்ப்பது நல்லது.

நல்லெண்ணெயே போதும். வெதுவெதுப்பாகச் சூடாக்கி, முதலில் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கெண்டைக்காலில் தொடங்கி மேல்நோக்கித் தேய்க்க வேண்டும். முதுகில் நடு எலும்பின் மேல் கை போகக் கூடாது. இரண்டு பக்கமும் ஓடுகிற தசையில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால், மூச்சு விடும்போது அழுத்தி, இழுக்கும்போது தளர்த்தி. சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகை சொல்கிறார்கள். மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே அரும்பாக்கத்தில் அண்ணா சித்த மருத்துவமனை, அரசாங்கத்துடையது. ஒருநாள் காலையில் லோடு முடித்துவிட்டு அங்கே போய்க் காட்டுங்கள். தெருமுனையில் டைக்ளோஃபெனாக் என்கிற வலி ஊசி போட்டுக்கொண்டு அன்று ராத்திரியே வேலைக்குப் போகிறீர்களே, அதற்கு இது எவ்வளவோ மேல். வியர்வை கொட்டி, தண்ணீரும் சரியாகக் குடிக்காத உடம்பில் அந்த ஊசி அடிக்கடி ஏறினால் சிறுநீரகம் கெடலாம். வயிற்றில் புண்ணும் வரலாம்.

குவார்ட்டரைப் பற்றி நீங்களே அன்றைக்குப் பேச்செடுத்தீர்கள். உடம்பு வலிக்குத்தான் என்று. நம்புகிறேன். ஆனால் அதில் வருகிற தூக்கம் பாதியில் கலைந்துவிடும், நாக்கும் வறளும். இதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

எப்போது தேய்க்கக் கூடாது என்பதுதான் முக்கியம். புதிதாகப் பிசகி வீங்கியிருந்தால் இரண்டு நாள் எண்ணெயும் வேண்டாம், சூடும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் மட்டும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சுட்டால் கையே வைக்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அழுத்தினால் அது பிய்ந்து நுரையீரலுக்குப் போகலாம். இடுப்பிலிருந்து கால்வரை மின்சாரம் போல இழுத்து, பாதம் மரத்துப்போனால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அதோடு சிறுநீரை அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ போனால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. சுளுக்கு எடுக்கிறவரிடம் போய் நேரத்தைக் கழிக்காதீர்கள்.

இன்னொன்று. வலி வந்தால் "வயசாயிடுச்சு" என்று உடம்பைத் திட்டிக்கொள்கிறீர்கள். ஆண் தொழிலாளி ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. சாவடியில் நீங்கள் தூக்கியது ஒரு குவிண்டால் மூட்டை! இப்போது வெங்காய மூட்டை 50 கிலோதான் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். ஒரு ராத்திரியில் எத்தனை மூட்டை என்று கேட்டால் சிரிக்கிறீர்கள். இதற்கு எந்த எண்ணெயும் பதில் சொல்லாது. லாரியிலிருந்து இழுக்கும்போது இடுப்பைத் திருப்பாமல் காலை நகர்த்தித் திரும்புங்கள். குனிந்துகொண்டே திரும்புவதுதான் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற தட்டை, டிஸ்க் என்கிறார்களே அதை, பிதுக்குகிறது. ஐந்தாறு மூட்டைக்கு ஒரு தடவை இடுப்பில் கைவைத்துப் பின்னால் வளைந்து நில்லுங்கள். மேஸ்திரி பார்த்தால் பார்க்கட்டும்.

கடைசியாகச் சித்தி. உங்கள் காலை இத்தனை வருடமாகப் பிடித்துவிடுகிறவர் அவர்தான். மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி பிழிந்துவிட்டு வந்து பிடித்துவிடுகிறார். பொங்கலன்று அடுப்பிலிருந்து பானையை இறக்கும்போது முகம் சுளித்தார். கையை வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஓரத்தில் தொட்டாலே வலி. முறுக்கிப் பிழிகிற கைக்கு வருகிற வலி அது. யாரிடமும் சொல்லவில்லையாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் சூடு பண்ணும்போது முதலில் அந்தக் கையைப் பிடித்துவிடுங்கள். கட்டைவிரலை இழுக்க வேண்டாம், சொடுக்கும் எடுக்க வேண்டாம். வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு, முழங்கை வரைக்கும் மெதுவாக மேல்நோக்கி. "ஐயோ, விடுங்க" என்றுதான் சொல்வார். விடாதீர்கள்.

உங்கள் அண்ணன் மகள்