கேஸ் கீசர் பற்றவில்லையா?

உறுப்பினர்கள் கவனத்துக்கு: குழாயைத் திறந்தும் 'டிக் டிக்' சத்தம் வரவில்லையென்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். பெரிய டி சைஸ், 1.5 வோல்ட், 2 செல். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அப்படியும் வரவில்லையா? பெரும்பாலும் தண்ணீர் அழுத்தம் போதவில்லை. மேல்மாடிகளில் இது வழக்கம். தண்ணீர் வால்வை மூடி, உள்வரும் இணைப்பிலுள்ள சல்லடையைக் கழற்றி, உப்புப் படிவு கரைய வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் அசைந்து கீசரை இயக்கும் டயாபிரம் என்ற ரப்பர் தகடு கிழிந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

சுடர் பற்றிக்கொண்ட சில நொடியில் அணைந்தால், சுடரை உணரும் சென்சார் கம்பியில் கரி படிந்திருக்கலாம்.

சுடர் மஞ்சளாக எரிந்தால் உடனே நிறுத்துங்கள். கேஸ் முழுதாக எரியத் தேவையான காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு வாசனையே கிடையாது. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று சமாதானம் வேண்டாம். கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.