பாதி தெரிந்த சொற்கள்

அன்புள்ள மகளுக்கு,

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மாதிரித் தேர்வுக்காக நீ எழுதிய கட்டுரையையும், அதோடு அனுப்பியிருந்த சொற்குறிப்பேட்டின் படங்களையும் நேற்றிரவு பொறுமையாகப் படித்தேன். எழுத்துப் பகுதியில் ஒன்பதுக்கு ஆறுதான் கிடைத்தது என்றும், சொல்வளம் போதாததே காரணம் என்று எண்ணி ஒரு நாளைக்கு நாற்பது புதுச் சொற்கள் வீதம் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய். அந்த நாற்பதை இன்றே நிறுத்திவிடு. தெரியாத சொற்களை நீ துரத்திக்கொண்டிருக்கிறாய். உன் கட்டுரையைக் கெடுத்தவையோ உனக்குப் பாதி தெரிந்த சொற்கள்.

'ப்ளெதோரா' என்ற சொல்லை மூன்று இடங்களில் போட்டிருக்கிறாய். 'ஏராளம்' என்று குறிப்பேட்டில் பொருள் எழுதியிருப்பதால், இலவசக் கல்வியின் நன்மைகளைச் சொல்லும் இடத்திலும் தயங்காமல் அதை எடுத்து வைத்துவிட்டாய். அச்சொல்லுக்குள் 'தேவைக்கு மீறியது' என்ற சாயல் உண்டு. உடலில் இரத்தம் அளவுக்கு மேல் மிகுந்துவிட்ட நிலைக்கு மருத்துவர்கள் வழங்கிய சொல் அது. இப்படிப்பட்ட அணிகலன் ஒன்றை மாட்டிவிட்டு, அதே பத்தியில் 'டூ எ மிஸ்டேக்' என்றும் 'மெனி இன்ஃபர்மேஷன்ஸ்' என்றும் எழுதினால், திருத்துபவரின் கண் எங்கே போய் நிற்கும் என்று நீயே நினைத்துப் பார்.

இந்தப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? தமிழில் தவறும் செய்கிறோம், ஆராய்ச்சியும் செய்கிறோம். ஆங்கிலத்திலோ ஆராய்ச்சிக்கு 'டூ', தவறுக்கு 'மேக்'. 'தகவல்கள்', 'அறிவுரைகள்', 'கருவிகள்' என்று நமக்குக் 'கள்' இயல்பாக ஒட்டிக்கொள்கிறது. 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'எக்விப்மென்ட்' ஆகிய மூன்றும் பன்மையை ஏற்பதில்லை. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதில் உள்ள 'பற்றி'தான் உன் கட்டுரையில் 'டிஸ்கஸ் அபௌட்' ஆகியிருக்கிறது; ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' மட்டும் போதும், 'அபௌட்' வராது. பலத்த காற்று, பலத்த மழை என்று நாம் இரண்டுக்கும் ஒரே அடைமொழியைக் கொடுக்க, ஆங்கிலம் காற்றுக்கு 'ஸ்ட்ராங்' என்றும் மழைக்கு 'ஹெவி' என்றும் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது தெரியும்வரை அந்தச் சொல் நமக்குச் சொந்தமாகாது. எழுத்துப் பகுதியின் மதிப்பீடு நான்கு சம பங்குகளாகப் பிரிகிறது. சொல்வளம் அதில் ஒரு பங்கு. அந்தப் பங்கில் ஏழோ அதற்கு மேலோ வேண்டுமென்றால், அரிதான சொல்லைப் பயன்படுத்துவதோடு அதன் சேர்க்கையும் நடையும் உணர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

நானும் உன் வயதில் அகராதியை முதல் எழுத்திலிருந்து உருப்போட்டவள்தான். அபேஸ், அபேட், அபெட் எல்லாம் அடுத்தடுத்து வந்ததால் மூன்றும் குழம்பிப்போயின. 'காய்ச்சல் தணிந்துவிட்டது' என்று விடுப்புக் கடிதத்தில் எழுத நினைத்து, 'அபேட்' வர வேண்டிய இடத்தில் 'அபேஸ்' போட்டு, 'காய்ச்சல் இழிவுபடுத்தப்பட்டது' என்று பொருள்படும்படி எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்பிய அந்தத் தாளை உன் தந்தை இன்றும் மறக்கவில்லை. உருவத்தில் ஒத்த சொற்களை ஒரே நாளில் படிக்காதே என்று நான் சொல்வது பட்டறிவால்தான்.

சரி, எந்தச் சொற்களைப் படிப்பது? மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன; ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். துறை எதுவானாலும் கல்வி நூல்களில் திரும்பத் திரும்ப வருபவை அவை. அதிகம் வருபவை முன்னே நிற்கும்படி பத்துப் பிரிவுகளாக அவர் அடுக்கியிருப்பதால், முதல் பிரிவின் அறுபதிலிருந்தே தொடங்கலாம். ஒரு நாளைக்கு ஏழு குடும்பம் என்று வைத்துக்கொண்டால் 82 நாட்களில் முழுப் பட்டியலும் முடிந்துவிடும். அவற்றில் பல உனக்கு அறிமுகமான முகங்களாகவே இருக்கும். அறிமுகம் என்பதால் தாண்டிப் போய்விடாதே; நான் சொன்ன பாதி தெரிந்த சொற்கள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

குறிப்பேட்டில் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே ஒரு தமிழ்ச் சொல் என்று இரண்டு பத்தி போட்டிருக்கிறாய். அதை மாற்றி, ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம் ஒதுக்கு. 'அனலைஸ்' என்று எழுதினால் அதன் கீழே 'அனாலிசிஸ்', 'அனலிட்டிக்கல்' ஆகியவற்றையும் எழுதி, அழுத்தம் விழும் அசைக்குக் கோடு போடு. முதலாவதில் முதல் அசையிலும், இரண்டாவதில் இரண்டாம் அசையிலும், மூன்றாவதில் மூன்றாம் அசையிலும் அது விழும். அழுத்தத்தால் பொருள் மாறாத மொழியில் வளர்ந்த நமக்கு இது எளிதில் காதில் விழாது. கண்ணால் படித்துத் தெரிந்த சொல்லையே கேட்கும் பகுதியில் நாம் தவறவிடுவதற்கு இது ஒரு காரணம். அங்கே எழுத்துப்பிழை இருந்தாலும் விடை தவறாகிவிடும் என்பதால், வாயால் சொல்லிக் கையால் எழுதிப் பார். பிறகு அச்சொல்லோடு சேரும் இரண்டு சொற்கள், உன் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம், போதும்.

வேர்களைக் கவனிப்பதும் சுவையான வேலை. 'ஸ்பெக்ட்' என்றால் நோக்குதல். 'ப்ராஸ்பெக்ட்' முன்னோக்கு, 'ரெட்ராஸ்பெக்ட்' பின்னோக்கு, 'இன்ஸ்பெக்ட்' உள்நோக்கிப் பார்ப்பது. 'ரெஸ்பெக்ட்' கூடத் திரும்பிப் பார்ப்பதில் தொடங்கியதுதான். வாசிப்புப் பகுதியில் புதுச் சொல் எதிர்ப்பட்டால் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். 60 நிமிடத்தில் 40 கேள்விகள் என்னும்போது ஒரு சொல்லிடம் நின்றுவிட முடியாது.

படித்ததை மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, மாதக் கடைசியில் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே திரும்பிப் பார். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885லேயே தம்மையே சோதித்து, மறதி முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக வேலை செய்கிறது என்று காட்டிவிட்டார். பார்க்கும்போது பொருளை மறைத்துக்கொண்டு நினைவிலிருந்து வரவழைக்க வேண்டும். வெறுமனே கண்ணை ஓட்டினால் எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும்.

அடுத்த ஞாயிறு அதே தலைப்பில் கட்டுரையை மீண்டும் எழுதி அனுப்பு. 250 சொற்கள் தாண்டினால் போதும், 'ப்ளெதோரா' வேண்டாம். 'மேக்', 'டூ' இரண்டையும் நான் சிவப்பு மையில் தேடிப் பார்ப்பேன்.

அன்புடன்,
அம்மா