கஞ்சிலின் நடு சீட்

அன்பு மகளுக்கு,

பார்சல் கிடைத்ததும் பேரன் கையில் கொடுத்துவிடாதே, முதலில் இதைப் படித்துவிடு. அவன் கேட்ட லெகோ கார், நம் பழைய கஞ்சில் கார், உள்ளேதான் இருக்கிறது, ஆனால் காராக இல்லை. பிரித்து ஜிப் பைகளில் போட்டு அனுப்பியிருக்கிறேன். முழுசாக அனுப்பினாலும் டப்ளின் போவதற்குள் தானே பிரிந்துவிடும். தவிர, கட்டி முடித்ததை ஐந்து நிமிஷம் உருட்டிவிட்டு மூலையில் வைத்துவிடுவான். நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கட்டுங்கள். படம் போட்ட புத்தகம் எல்லாம் கிடையாது, இந்தக் கடிதத்தை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

லெகோக்காரர்கள் 2020-இல் ஃபியட் 500 காரை 960 துண்டுகளில் போட்டார்கள். அதற்கு முன்பே மினி கூப்பர் வந்தது. நம் கஞ்சிலை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். டின்னில் கிடந்த உன் பழைய லெகோவே முக்கால்வாசிக்குப் போதுமாக இருந்தது. குறைந்த துண்டுகளை உன் தம்பி புதிதாக வாங்கி வந்தான். 1958-இல் வந்த கட்டைகூட இன்றைக்கு வாங்கும் கட்டையோடு சரியாகக் கவ்வுமாம். ஃபேக்டரியில் ஆயுசெல்லாம் டிராயிங் போட்டவனுக்கு அதைக் கேட்டால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

வண்டி இன்னும் போர்ச்சில்தான் நிற்கிறது. டேப் வைத்து அளந்தேன். நீளம் 3.36 மீட்டர், அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றே, 1.4 மீட்டர். முன்னால் நின்று பார்த்தால் சதுரம். மலேசியக் கம்பெனி பெரோடுவா 1994-இல் கொண்டு வந்த முதல் கார் இது. அடியில் இருப்பது ஜப்பான் டைஹட்சு மீரா. அங்கே சின்ன கார் என்றால் நீள அகலத்துக்குச் சட்டமே உண்டு, அதனால்தான் இந்த வடிவம்.

லெகோ கட்டையின் தலையில் இருக்கும் ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மி.மீ. பிளேட் என்கிற மெல்லிய தட்டைத் துண்டின் கனம் 3.2. காருக்கு 6 குமிழ் அகலம் வைத்தேன், 48 மி.மீ. பதினைந்து பிளேட் அடுக்கினால் உயரமும் அதே 48. நீளத்துக்கு 14 குமிழ், அதோடு பம்பராக ஒரு பிளேட்டை நிமிர்த்தி ஒட்டினால் 115 மி.மீ. வருகிறது. வேண்டியதும் அதுதான். அசலில் 29-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள். டயரும் பொருந்திவிட்டது: அசல் சக்கரம் டயரோடு அரை மீட்டர், லெகோவில் 17.5 மி.மீ. டயர் ஒன்று இருக்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் மட்டும் 78 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 80 வருகிறது. நான் விட்டுவிட்டேன். சக்கரம் நாலும் நாலு மூலைக்குத் தள்ளி நின்றால்தான் கஞ்சில் மாதிரி இருக்கும்.

எட்டுக் குமிழ் வைங்கப்பா, லெகோக்காரனே ரேஸ் கார்களை 2020-இல் ஆறிலிருந்து எட்டுக்கு மாற்றிவிட்டான் என்று உன் தம்பி விடாமல் சொன்னான். எட்டு வைத்தால் கைப்பிடி, கண்ணாடி எல்லாம் செய்யலாம்தான். ஆனால் எல்லாவற்றையும் செய்தபின் அது எந்தக் காராகவும் இருக்கலாம். இதில் கதவு திறக்காது, சைடு மிரரும் இல்லை. அவன் கேட்டால் தாத்தாவுக்கு அது வேண்டாமாம் என்று சொல்.

ஜன்னல் தூண்தான் என்னை அதிகம் படுத்தியது. ஒரு குமிழ் கனத்துக்குத் தூண் வைத்தால் அசல் கணக்கில் 23 சென்டிமீட்டர்! கோட்டைச் சுவர் கட்டின மாதிரி ஆகிவிடும். அதனால் முன் தூணுக்குக் கட்டையே கிடையாது. ஆள் பொம்மை கையில் பிடிக்கும் மெல்லிய குச்சி இருக்கிறதே, 3.2 மி.மீ., அதைக் கிளிப்பில் சாய்த்து மாட்டு. பக்கக் கண்ணாடிக்குக் கறுப்பு கலந்த கண்ணாடிக் கட்டை போட்டிருக்கிறேன். பினாங்கு வெயிலில் டிண்டட் இல்லாத காரை எங்கே பார்த்தாய்?

அப்புறம் உள்ளே. லெகோ ஆள் பொம்மைக்குக் கை இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆறு குமிழ் காரில் ஒரே ஆளை நடுவில் உட்கார வைத்துவிடுகிறார்கள். நாம் ஐந்து பேர் சோற்றுப் பானையையும் ஏற்றிக்கொண்டு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போன வண்டியில் ஒரே ஆளா? பொம்மையே வேண்டாமென்று ஒரு குமிழ் உருண்டைக் கட்டைகளை ஆட்களாக வைத்துவிட்டேன். முன்னால் நானும் அம்மாவும். பின்னால் பாட்டி, நீ, தம்பி. உள் அகலம் நாலு குமிழ், ஆள் மூன்று. பாட்டிக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, மிச்சம் இரண்டு குமிழ் இடத்தில் ஜம்பர் பிளேட் வை. அதற்கு நட்டநடுவில் ஒரே ஒரு குமிழ் இருக்கும், அதில்தான் நீ. பச்சை உருண்டை. பினாங்குப் பாலத்தில் போகும்போது கடல் தெரியவில்லை என்று அந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு நீ போட்ட சண்டை உன் மகனுக்குத் தெரிய வேண்டாமா? கூரையைத் தூக்கினால் எல்லோரும் தெரிவோம். முழுக்க அழுத்திவிடாதீர்கள், நாலு குமிழில் மட்டும் நிற்கிறது.

வெள்ளைக் கட்டைகளில் சில மஞ்சளடித்திருக்கும். அந்த பிளாஸ்டிக் வருஷக்கணக்கில் வெளிச்சம் பட்டால் அப்படித்தான் ஆகும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்று உன் தம்பி சொன்னான். எனக்கு மனம் வரவில்லை. போர்ச்சில் நிற்கிற அசலே எத்தனை வெள்ளையாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

முன் முகத்தை மட்டும் பிரிக்காமல் துணியில் சுற்றியிருக்கிறேன், பார்த்துப் பிரி. விளக்கு இரண்டும் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருக்கின்றன. ஐந்து பிளேட் கனமும் இரண்டு குமிழ் அகலமும் சமம், அந்தக் கணக்கை அவனையே எண்ணிப் பார்க்கச் சொல். கணக்கு என்று சொல்லிவிடாதே, எழுந்து ஓடிவிடுவான்.

நம்பர் பிளேட்டுக்குக் குமிழ் இல்லாத வழவழப்பான கறுப்பு டைல் இரண்டு வைத்திருக்கிறேன், வெள்ளை மார்க்கரால் எழுதிக்கொள்ளட்டும். பினாங்கு வண்டி, பி-யில் தொடங்க வேண்டும். பானட்டுக்கு வெள்ளையில் சின்னச் சரிவுத் துண்டு இரண்டு குறைகிறது, இங்கே கிடைக்கவில்லை. கிராஃப்டன் தெருவில் லெகோ கடை இருக்கிறதாமே, அந்தப் பக்கம் போனால் பார். கிடைக்காவிட்டால் சாம்பல் நிறத்தில் போடு. சிவப்பு மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா
பட்டர்வொர்த்