ஐந்து பாடத்துக்கும் ஒரே வாரமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் இங்கே சிங்கப்பூரில் ஒரு கலைக் கல்லூரியில் அனிமேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நான் கப்பல் பட்டறையில் பாரந்தூக்கி ஓட்டுகிறேன். சென்ற தவணையின் கடைசி வாரத்தில், அதிகாலை மூன்று மணிக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தவள் கட்டைவிரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டாள். மூன்று தையல். அவள் இரண்டு இரவாகத் தூங்கவே இல்லை என்பது 24 மணி நேர கிளினிக்கில் காத்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

படம் வரைவதற்கு இவ்வளவு பாடா என்று கேட்கும் உறவினர்கள் எங்கள் வீட்டுக்கும் வருகிறார்கள். ‘அதுக்கெல்லாம் டிகிரி இருக்கா?’ என்று தீபாவளிக்கு வந்த மாமா ஒருவர் கேட்டார். 1938ல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகமும் 1984ல் தொடங்கிய லாசால் கல்லூரியும் கூட்டுசேர்ந்து, 2024ல் இங்கே ஒரு கலைப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது என்று சொன்னேன். அவர் முறுக்கை எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லி என்ன, முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரையில் ஒரு வினாடிக்கு 24 படம் ஓட வேண்டும். ஒரே ஓவியத்தை இரண்டு முறை காட்டிச் சமாளித்தாலும் வினாடிக்கு 12 ஓவியம். ஒரு நிமிடத்துக்கு 720. அவள் செய்தது ஒன்றரை நிமிடப் படம். ஆயிரத்துக்கு மேல் வரைந்து முடித்தால் வண்ணம், ஒலி எல்லாம் அதற்குப் பிறகுதான். இதற்கு நடுவே ‘கிரிட்’ என்று ஒன்று. செய்ததை வகுப்பு முன்னால் போட்டுக் காட்ட வேண்டும். ஆசிரியரும் சக மாணவர்களும் குறை நிறை சொல்வார்கள். ‘பாட்டி நடக்கிறாள் சரி, ஆனால் உடம்பில் கனமே இல்லையே’ என்றாராம் ஆசிரியர். அவர் சொன்னது நியாயம்தான், நானே பார்த்தேன், பாட்டி காற்றில் மிதந்தாள். மூன்று நாள் வேலை குப்பைக்குப் போனது. மறுபடி வரைந்த பிறகு, பாட்டிக்கு முழங்கால் வலி இருப்பதுகூடத் தெரிந்தது.

ஆகவே வேலையைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்க மாட்டாள். என் குறை தேதி பற்றியது. ஐந்து பாடத்தின் சமர்ப்பிப்பும் ஒரே வாரத்தில் வந்து விழுகிறது. ஒவ்வொரு விரிவுரையாளரும் தன் பாடத்துக்கு நியாயமான கெடுதான் தருகிறார். அடுத்தவர் என்ன தேதி வைத்திருக்கிறார் என்று யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. கடைசி ரயில் போன பிறகு கல்லூரியிலிருந்து கிளம்பினால் டாக்சிக்கு நள்ளிரவுக் கட்டணம் பாதிக்குப் பாதி கூடுகிறது. கொவிட் நேரத்தில் நின்ற இரவுப் பேருந்துகளும் திரும்ப வரவில்லை. அந்த வாரத்தில் டாக்சிக்கு நான் கொடுத்த காசில் அவளுக்கு நல்ல தாளும் மையும் வாங்கியிருக்கலாம்.

என்னைப் போன்ற தொழிலாளியை, அவசரம் போன்ற விதிவிலக்கு இல்லாமல், ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேலை நியமனச் சட்டம் விடாது. மிகைநேரமும் மாதம் 72 மணிதான். தூக்கம் கெட்டவன் கையில் இயந்திரம் இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். மாணவர்கள் தொழிலாளிகள் அல்ல, அந்தச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது, சரி. ஆனால் தொழிலாளி கைக்கும் மாணவர் கைக்கும் கத்தி ஒரே கத்திதான்.

எனக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. யார் குறைவாகத் தூங்கியது என்று இந்தப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் போட்டி போடுகிறார்கள். இளவயதில் நாங்களும் டபுள் ஷிஃப்ட் பார்த்ததை இப்படித்தான் பெருமையாகச் சொல்லித் திரிந்தோம். எங்களைத் திருத்தியது அறிவுரை இல்லை, வேலைப் பட்டியல்.

கல்லூரிகளும் அதைச் செய்யலாம். தவணை தொடங்கும்போதே எல்லாப் பாடத்தின் சமர்ப்பிப்புத் தேதிகளையும் ஒரே பட்டியலில் போட்டு, ஒரு வாரத்தில் இரண்டுக்கு மேல் விழாதபடி விரிவுரையாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். இதற்குக் காசு செலவில்லை, ஒரு மதியக் கூட்டம் போதும்.

அடுத்த சமர்ப்பிப்பு நவம்பரில். அந்த வாரம் மட்டும் எனக்குப் பகல் ஷிஃப்ட் தரும்படி மேற்பார்வையாளரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
உட்லண்ட்ஸ்