எட்டுக் கூடை, ஒரு வண்டி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மீனவர் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை என் மகள் வாசித்துக் காட்டினாள். கடன், மானியம், நிவாரணம் எல்லாம் அதில் இருந்தது. தொண்டிப் பக்கம் இருபது வருஷமாக மீன் விற்கிறவள் நான். அதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும்: சேர்ந்து வாங்குவதும் சேர்ந்து விற்பதும்.

முன்பெல்லாம் தேவகோட்டைக்குத் தனித்தனியாகத்தான் மீன் கொண்டுபோவோம். கூடையைப் பார்த்தால் சில பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். தனி வண்டி பிடித்தால் லாபத்தில் பாதி வாடகைக்கே போய்விடும். உடைத்த ஐஸ் வாங்கினால் விலை கூடுதல். ஒரு கூடை மீனுக்கு முழு ஐஸ் பார், அதாவது பெரிய கட்டியாக, வாங்கவும் முடியாது. மூன்று வருஷத்துக்கு முன் எட்டுப் பேர் சேர்ந்தோம். ஒரு லோடு ஆட்டோ, முழு ஐஸ் பார், மிஞ்சிய மீனை வைக்க ஒரு பெரிய பெட்டி. வாடகை 800 ரூபாய், எட்டுக் கூடை ஏற்றினால் கூடைக்கு 100. பணம் மிச்சமானது ஒரு பக்கம். சாயங்காலத்துக்குள் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டும் என்ற பதைப்பு போனதே, அதுதான் எங்களுக்குப் பெரிசு.

சண்டை வராமலில்லை. இரண்டு கூடை ஏற்றுகிறவளும் ஒரே பங்குதான் தருவாளா என்று ஒரு மாதம் முகம் பார்த்துப் பேசாமல் இருந்தோம். அதற்குப் பிறகுதான் கூடைக் கணக்கு வந்தது. நோட்டில் எழுதி, வாராவாரம் எல்லார் முன்னாலும் வாசிக்கிறோம்.

சங்கம் செய்ய வேண்டிய வேலை இதுதானே? மீன் குறைந்த மாதங்களுக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்துக்குப் பணம் கட்டவும் வாங்கவும்தான் சங்கத்து வாசலை மிதிக்கிறோம். நாங்கள் கட்டும் 1500 ரூபாய் அரசுப் பங்கும் சேர்ந்து 4500 ஆக வருவது நல்ல காரியம், குறையே சொல்லமாட்டேன். ஆனால் எட்டுப் பேருக்கே இவ்வளவு மிச்சமென்றால், ஊர்ச் சங்கம் ஐஸையும் உப்பையும் வலையையும் மொத்தமாக எடுத்துக் கொடுத்தால் எத்தனை வீடு தலையெடுக்கும்!

வலை வாங்கக் காசில்லாமல்தான் கடலுக்குப் போகிற வீட்டார் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். வாங்கிவிட்டால் மீன் அவருக்குத்தான், விலையும் அவர் சொன்னதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் காலம் அது. முன்பணம் வாங்கிய வீட்டுக்கு அந்த விலையும் வந்து சேராது.

கன்னியாகுமரிக் கரையில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனபோது கண்ணால் பார்த்தேன். அங்கே சங்கமே மீனை ஏலம் விடுகிறது. விற்ற பணத்தில் கடன் தவணையையும் சேமிப்பையும் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுக்கிறார்கள். 1980-இல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அந்தப் பக்கம் இப்படித்தான் வளர்ந்தது என்றார்கள். அவர்களும் நம்மைப் போல் வலை இழுக்கிறவர்கள்தான்.

எங்கள் ஊர்ச் சங்கத்தின் வருகிற பொதுக்குழுவுக்கு நாங்கள் எட்டுப் பேரும் நோட்டோடு போகிறோம். முதலில் ஐஸ் பெட்டி, அடுத்து வண்டி என்று கேட்கப்போகிறோம். அன்றைக்கு உங்கள் நிருபர் ஒருவரும் வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மீன் விற்கும் பெண் ஒருவர்,
தொண்டி வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்