கஞ்சாவுக்கு வழக்கு மட்டும் போதுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் வந்தா ஹட்டன்ல பொலிஸ் மோப்ப நாய வச்சி பஸ், வேன் எல்லாம் செக் பண்றாங்க, கொஞ்சூண்டு கஞ்சாவோட மாட்டுற பொடியன்கள கோர்ட்டுக்கு கொண்டு போறாங்க, வருசா வருசம் பேப்பர்ல வார செய்திதான் இது. பாவிக்கிறது கொறஞ்சிச்சான்னு யாராவது கேக்குறாங்களா? தோட்டத்து பொடியன் மாட்டுனா தண்டப்பணம், லோயர் காசு எல்லாம் கொழுந்து பறிக்கிற அம்மாவோட சம்பளத்துலதான் போகுது, அப்புறம் வேலைக்குன்னு பொலிஸ் ரிப்போர்ட் எடுக்கப்போனா அங்கயும் சிக்கல். இலங்கையில கஞ்சாவ தடுக்குற அடிப்படை சட்டம் 1929ல வெள்ளக்காரன் காலத்துல வந்தது.

கனடா 2018ல கஞ்சாவ சட்டபூர்வமாக்கி லைசன்ஸ் கடை, வயசு எல்லை, பக்கெட்ல எவ்வளவு டீஎச்சீ (போதை ஏத்துற பொருள்) இருக்குன்னு லேபல், வெளிய 30 கிராமுக்கு மேல வச்சிருக்க ஏலாதுன்னு எல்லாம் போட்டிருக்கு. தாய்லாந்து 2022ல ஒழுங்கான சட்டம் இல்லாம தொறந்து விட்டுட்டு 2025ல மருந்துச்சீட்டு வேணும்னு திரும்ப இறுக்குனாங்க. அதனால நம்ம நாட்டுல சட்டத்த முதல்ல எழுதிட்டுத்தான் தொறக்கணும், 21 வயசுக்கு கீழ குடுக்கவே கூடாது, வளர்ற மூளைக்கு அது கெடுதி. வர்ற வரிக்காசுல ஒரு பங்கு மலையகத்துல போதைய விட நெனக்கிறவங்களோட சிகிச்சைக்கு வரணும். பொலிஸ் அந்த நேரத்துல ஐஸ் போதைப்பொருள் விக்கிறவன பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
ஹட்டன் வாசகர்